விசிறி நிற்கிறது, வானவில் தெரிகிறது: பறக்கும் பழைய விமானத்தைப் படமெடுக்கும்போது வரும் கோளாறுகள்

இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட்ஷயர் பக்கம் ஓல்ட் வார்டன் என்று ஒரு சின்ன விமானத் திடல் இருக்கிறது. ஓடுபாதையே புல்தான். ஷட்டில்வொர்த் சேகரிப்பின் பழைய விமானங்கள் அங்கே இருக்கின்றன. கொஞ்சம் கிழக்கே போனால் டக்ஸ்ஃபர்ட், அங்கே இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள். கோடை வந்தால் இந்த வட்டாரத்தில் ஒரு விமானத்தில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு விமானத்தைப் படமெடுக்கும் வேலை நடந்துகொண்டே இருக்கும். நானும் அதில் கேமரா பிடிக்கிறவன். மற்றவர்கள் எடுத்து வந்ததை எடிட் மேசையில் வைத்து ஒப்பேற்றிக் கொடுப்பதும் உண்டு. வருகிற புகார்கள் வருடா வருடம் அதேதான். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

உங்கள் படத்தில் என்ன குறை தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காரணங்களைச் செலவில்லாததிலிருந்து செலவு பிடிப்பது வரை வரிசைப்படுத்தியிருக்கிறேன். நாம் உட்கார்ந்திருப்பதைக் கேமரா விமானம் என்கிறேன், எடுக்கப்படுவதை ஹீரோ என்கிறேன். மேலே ஏறிய பிறகு சரிசெய்ய முடிவது ரொம்பக் கொஞ்சம், ஆகவே இதில் பெரும்பாலானவை தரையில் செய்து பார்க்க வேண்டிய சோதனைகள்.

ப்ரொப்பெல்லர் என்கிற விசிறி சரியாக வரவில்லை

*புகைப்படத்தில் விசிறி அசையாமல் நிற்கிறது*

நூலில் கட்டித் தொங்கவிட்ட பொம்மை மாதிரி இருக்கும். காரணம் ஒன்றுதான்: ஷட்டர் வேகம் அதிகம். கேமராவை ஆட்டோவில் விட்டால் வெயிலில் அது தானாகவே 1/2000 நொடி பக்கம் ஓடிவிடும்.

ஷட்டரை நீங்களே வைக்கும் நிலைக்கு மாறுங்கள். டைகர் மாத், ஹார்வர்ட் என்ற பழைய பயிற்சி விமானங்கள் இரண்டிலும் விசிறி நேராக எஞ்சின் தண்டிலேயே மாட்டியிருக்கிறது. பறக்கும்போது நிமிடத்துக்கு 1,800 முதல் 2,000 சுற்று வரை ஓடும். 1/125 வைத்தால் ஒவ்வொரு பிளேடும் ஏறத்தாழ கால் வட்டம் தேய்ந்து தெரியும். பார்க்க நன்றாக இருக்கும்.

ஸ்பிட்ஃபயருக்கு அது போதாது. வேகமான விமானம்தானே, ஷட்டரையும் ஏற்றி வைக்கலாம் என்று பலரும் ஏமாறுவது இங்கேதான். அதன் மெர்லின் எஞ்சினுக்கும் விசிறிக்கும் நடுவில் பல்சக்கரப் பெட்டி இருக்கிறது. எஞ்சின் 1,800இல் ஓடினால் விசிறி 900க்கும் கீழேதான் சுற்றும். அதாவது டைகர் மாத்தின் விசிறியில் பாதி வேகம்கூட இல்லை. 1/60 வரை இறங்க வேண்டும்.

1/60இல் கை ஆடிப் பாதிக்கு மேல் குப்பையாகும். ஆகட்டும். என் வழக்கம் இது: முதல் ஐந்து நிமிடம் 1/250, கையில் ஏதோ இருக்கிறது என்ற தைரியத்துக்காக. அப்புறம் 1/125. கடைசியில் 1/60 வைத்து மொத்தமாகச் சுட்டுத் தள்ளுவேன். இருபதில் இரண்டு தேறினால் லாபம்.

*வீடியோவில் பிளேடு வாழைப்பழம் மாதிரி வளைகிறது, அல்லது துண்டு துண்டாக மிதக்கிறது*

கேமராவின் சென்சார் படத்தை வரி வரியாகப் படிக்கிறது. அது படித்து முடிப்பதற்குள் பிளேடு இடம் மாறிவிடுகிறது. ஷட்டர் வேகமாக இருந்தால் இந்த வளைவு கூர்மையாகத் தெரியும், மெதுவாக இருந்தால் மங்கலான வட்டமாகக் கரைந்துபோகும்.

முதலில் செலவில்லாதது: நொடிக்கு 25 ஃப்ரேம் எடுக்கிறீர்கள் என்றால் ஷட்டரை 1/50இல் பூட்டுங்கள், ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் ஒளி உணர்திறனை, கீழே இறக்குங்கள். படம் வெளுத்துப்போகிறதா? அடுத்து என்டி ஃபில்டர், அதாவது லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி. ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும். நல்ல வெயில், ஐஎஸ்ஓ 100, எஃப் 5.6 என்றால் நான்கு ஸ்டாப் குறைக்கிற ஃபில்டர், அதாவது என்டி 16. எடிட்டில் நிறம் திருத்துவதற்கென்று மங்கலாகப் பதிவுசெய்கிற லாக் முறையில் ஐஎஸ்ஓ 800க்குக் கீழே இறங்காத கேமரா என்றால் ஏழு ஸ்டாப், என்டி 128. இரண்டையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சுழற்றிக் கூட்டிக் குறைக்கிற வகை என்டி வாங்கும்முன் கீழே வானவில் பகுதியைப் படித்துவிடுங்கள்.

செல்பேசியில் எடுப்பவர்களுக்கும் இதே மருந்துதான். ஷட்டரைப் பூட்டுகிற செயலி ஒன்று, லென்ஸில் மாட்டுகிற என்டி ஒன்று. இரண்டும் இல்லாமல் செல்பேசியில் விசிறி சரியாக வராது. மேகமூட்டமாக இருந்தால் ஓரளவு தப்பிக்கலாம்.

இத்தனையும் செய்தும் வளைகிறது என்றால் உங்கள் கேமராவின் சென்சார் ரொம்ப மெதுவானது. முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் பிடிக்கிற குளோபல் ஷட்டர் கேமராவை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். எடிட்டில் இதைத் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்களுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன்: ஒவ்வொரு ஃப்ரேமாக வரைந்து மாற்றுகிற செலவில் இன்னொரு முறை பறந்து எடுத்துவிடலாம்.

*விசிறி மெதுவாகப் பின்பக்கமாகச் சுற்றுகிறது*

25 ஃப்ரேமில் எடுக்கும்போது இரண்டு பிளேடு விசிறி 1,500 சுற்றிலும் 2,250 சுற்றிலும் நிற்பது போலத் தெரியும். அதற்கு மிக அருகே இருந்தால் ஊர்ந்து போவது போலத் தெரியும். 1/50 வைத்த பிறகு பெரும்பாலும் கண்ணில் படாது. பட்டால் கேமராவை 24க்கோ 30க்கோ மாற்றிப் பாருங்கள்.

டைகர் மாத் பைலட்டிடம் "கொஞ்சம் சுற்றைக் கூட்டுங்கள்" என்று கேட்காதீர்கள். அதன் மர விசிறியின் கோணம் மாறாது. சுற்றைக் கூட்டினால் விமானமே முன்னால் வந்துவிடும். ஹார்வர்ட், ஸ்பிட்ஃபயர் பைலட்டுகளிடம் கேட்கலாம், அதுவும் தரையில் இருக்கும்போது.

படத்தில் வானவில் பட்டைகள்

பச்சையும் ஊதாவுமாக எண்ணெய் படர்ந்த தண்ணீர் மாதிரி தெரிகிறதா? நீங்கள் ஜன்னல் வழியாக எடுத்திருக்கிறீர்கள், லென்ஸில் போலரைசர், அதாவது ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுகிற ஃபில்டர், இருக்கிறது. விமான ஜன்னல் பெர்ஸ்பெக்ஸ், அதாவது அக்ரிலிக். அதில் உறைந்திருக்கும் இழுவிசையைப் போலரைசர் அப்படியே வண்ணமாகக் காட்டிவிடும். கழற்றிவிடுங்கள், வேலை முடிந்தது.

"நான் போலரைசரே மாட்டவில்லையே" என்பவர்கள் என்டியைப் பாருங்கள். சுழற்றிக் குறைக்கிற என்டி என்பது இரண்டு போலரைசர்களை முதுகோடு முதுகு ஒட்டியதுதான். வளைந்த பிளேடுக்கு மருந்து வாங்கப் போய் வானவில்லை விலைக்கு வாங்கி வருகிற கதை இப்படித்தான் நடக்கிறது. அகல லென்ஸில் அது வானத்தின் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி ஒரு கறுப்பு நிழலையும் சேர்த்துக் கொடுக்கும். சுழற்றாத, அளவு மாறாத என்டிகளை வாங்குங்கள். மாற்றுவது தொல்லைதான். காந்தத்தில் ஒட்டுகிற வகை கொஞ்சம் சுலபம், ஆனால் திறந்த கதவருகே அதை மாற்றவே கூடாது.

கண்ணாடியில் என் சட்டை தெரிகிறது

கறுப்புச் சட்டை, கறுப்புக் கையுறை. மடியில் வெள்ளைக் காகிதம் வேண்டாம். லென்ஸ் முனைக்கு ரப்பர் ஹூட். அதையும் கண்ணாடியில் அழுத்தி வைக்காமல் மயிரிழை விட்டுப் பிடியுங்கள், ஒட்டினால் எஞ்சினின் அதிர்வு முழுக்க லென்ஸுக்கு வந்துவிடும்.

இதற்கு மேல் உள்ள ஒரே தீர்வு ஜன்னலைத் திறப்பது. செஸ்னா 172இல் ஜன்னல் மேல்பக்கம் திறக்கும். பாதியில் நிறுத்திவைக்கிற சின்னக் கம்பியின் திருகைக் கழற்றினால் காற்றே அதைத் தூக்கி இறக்கைக்கு அடியில் பிடித்துக்கொள்ளும். கழற்றும் வேலையைப் பைலட்டிடம் விட்டுவிடுங்கள். கதவையே கழற்றிவிட்டுப் பறக்க வேண்டும் என்றால் அது நம் வேலையே கிடையாது. அந்த மாடலுக்குக் கதவில்லாமல் பறக்க ஒப்புதல் இருக்கிறதா, வேக வரம்பு என்ன என்பதைப் பார்த்து, உரிமம் உள்ள விமானப் பொறியாளர் கழற்றித் தர வேண்டும்.

கதவு திறந்திருந்தால் உள்ளே தளர்வாக ஒரு பொருளும் இருக்கக் கூடாது. பேனா, லென்ஸ் மூடி, தொப்பி, மூக்குக் கண்ணாடி எல்லாமே கணக்கில் வரும். லென்ஸ் ஹூடைக் கழற்றித் தரையிலேயே வைத்துவிடுங்கள். காற்று பிடுங்கினால் அது நம் வால் பகுதியிலோ, பின்னால் வருகிற ஹீரோவின் விசிறியிலோதான் போய் நிற்கும். கேமராவுக்கு ஒரு கயிறு, உங்களுக்குத் தனியாக ஒரு இடுப்பு வார்.

படம் நடுங்குகிறது

எந்த வகை நடுக்கம் என்று முதலில் பாருங்கள். மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு.

*ஜெல்லி மாதிரி முழுப் படமும் அலைகிறது*

கேமரா விமானத்தின் ஏதோ ஒரு பாகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. முக்காலியில் இருக்கலாம், ஜன்னல் விளிம்பில் முழங்கை ஊன்றியிருக்கலாம், தோள் கதவுச் சட்டத்தில் சாய்ந்திருக்கலாம். தரையில் பழகிய கை ஒரு தாங்கல் தேடும். ஆகாயத்தில் தாங்கல்தான் எதிரி. முழங்கையை விலாவோடு ஒட்டுங்கள், உடம்பையே ஸ்பிரிங்காக விடுங்கள். உட்காரும் இடத்தில் கெட்டியான மெத்தை ஒன்று போட்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

இன்னும் இருந்தால் கேமரா விமானத்தின் பைலட்டிடம் சுற்றை நூறு கூட்டவோ குறைக்கவோ சொல்லுங்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் அதிர்வு தூக்கலாக இருக்கும் ஒரு சுற்று உண்டு. அதை விட்டுத் தள்ளிப்போனாலே பாதி அடங்கிவிடும். ஏறியதும் எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் இதற்காகவே ஒதுக்குகிறேன். கேமராவை ஓடவிட்டு, பைலட் சுற்றை மாற்ற மாற்ற எண்ணைச் சத்தமாகச் சொல்வார். எது சுத்தமாக இருந்தது என்று எனக்கு ஒலியிலேயே பதிவாகிவிடும்.

*திடீர் திடீரென்று தூக்கிப்போடுகிறது*

லென்ஸின் முனை கதவுக் கோட்டைத் தாண்டி வெளியே போகிறது. நாலு விரற்கடை உள்ளே இழுத்தாலே நின்றுவிடும். வெளியே 80 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர் காற்று, உள்ளே அமைதி. அந்த எல்லை ஒரு கை அகலம்கூட இருக்காது. நீளமான 70–200 லென்ஸ்காரர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான்.

உள்ளே இருந்தும் தூக்கிப்போட்டால் அது வெயில் நேரத்து வெப்பக் காற்று. கேமரா விமானமும் ஹீரோவும் வேறு வேறு நேரத்தில் குலுங்கினால் எந்த ஜிம்பலாலும், அதாவது கேமராவை மோட்டாரால் நேராக நிறுத்துகிற எந்தக் கைப்பிடியாலும், காப்பாற்ற முடியாது. மத்தியானத்தில் எடுப்பதை விடுங்கள். காலையில் சீக்கிரம், இல்லையென்றால் பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்.

*நடு சரியாக இருக்கிறது, ஓரங்கள் மட்டும் நெளிகின்றன*

கேமரா உடலுக்குள் சென்சாரை அசைக்கிற நிலைப்படுத்தி, எஞ்சின் அதிர்வோடு மல்லுக்கட்டுகிறது. அகல லென்ஸில் நன்றாகத் தெரியும். அதை அணைத்துவிட்டு லென்ஸில் உள்ளதை மட்டும் வைத்துப் பாருங்கள். லென்ஸில் 'ஆக்டிவ்' என்று ஒரு நிலை இருந்தால் அதைப் போடுங்கள், ஓடும் வண்டியிலிருந்து எடுப்பதற்கென்றே வைத்தது அது.

*கையில் பிடிக்கும் ஜிம்பல் தலை தொங்கிவிடுகிறது*

காற்று அதன் மோட்டாரைவிடப் பலசாலி. ஜிம்பல் முழுக்கக் கதவுக்கு உள்ளே இருக்க வேண்டும். முடியாது என்றால் ஜிம்பலை விட்டுவிட்டு, கேமராவுக்கு அடியில் திருகுகிற கென்யன் மாதிரியான சுழல் நிலைப்படுத்தியை வாடகைக்கு எடுங்கள். கனம்தான், கை கழன்றுவிடும், ஆனால் காற்றுக்கு அசையாது. அதற்கும் மேல் போக வேண்டுமென்றால் விமானத்துக்கு வெளியே மாட்டுகிற உருண்டை வடிவ ஷாட்ஓவர் வகைக் கருவிகள். அதை இயக்க ஆள், மாட்டப் பொறியாளர், பறக்கத் தனி ஒப்புதல் என்று எல்லாமே தனிச் செலவு. அந்தக் கட்டத்தில் வேலையை அதைத் தொழிலாகச் செய்கிற குழுவிடம் கொடுத்துவிடுவதுதான் மலிவு.

இறக்கைத் தாங்கலில் ஆக்‌ஷன் கேமராவை ரப்பர் உறிஞ்சியால் ஒட்டலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். பொறியாளர் ஒப்பாமல் வெளியே எதையும் ஒட்டாதீர்கள்.

ஃபோகஸ் பின்னால் இருக்கும் வயலுக்கு ஓடுகிறது

தானியங்கி ஃபோகஸ் சுற்றும் விசிறியைப் பிடிக்கப் பார்க்கும், பிடிபடாது, பின்னால் இருக்கிற வயலுக்கு ஓடிவிடும். புள்ளியைச் சின்னதாக்கி, காக்பிட்டின் மேலோ விமானத்தின் உடலில் இருக்கும் வட்டச் சின்னத்தின் மேலோ வையுங்கள். அந்த வட்டத்தின் விளிம்பு கூர்மையாக இருப்பதால் கேமராவுக்கு ரொம்பப் பிடிக்கும். முகத்தைத் தேடும் வசதியை அணையுங்கள். தோல் தொப்பியும் கண்கவசமும் போட்ட பைலட்டை அது ஒரு நொடி முகம் என்கிறது, அடுத்த நொடி இல்லை என்கிறது.

அப்படியும் ஆடினால் கையால் ஃபோகஸ் வைத்து, லென்ஸின் துவாரத்தை எஃப் 8க்கு மூடி, வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். இரண்டு விமானத்துக்கும் உள்ள தூரம் அதிகம் மாறாது, ஆகவே சமாளிக்கலாம். தரையில் தூரத்து மரத்தில் எல்லாம் சரியாக இருந்து மேலே மட்டும் ஒரு பக்கம் எப்போதும் மங்கல் என்றால், லென்ஸின் உள் கண்ணாடி தளர்ந்து அதிர்வில் ஆடலாம். அது பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டியது.

எல்லாம் கூர்மை, ஆனால் விமானம் அந்தரத்தில் தொங்குகிறது

பின்னணியில் வெறும் நீல வானம் இருக்கும், பாருங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் போகின்றன, நகர்வைக் காட்ட நடுவில் ஒன்றுமே இல்லை. இது புதுப் பிரச்சினையும் இல்லை. 1920களின் கடைசியில் ஹோவர்ட் ஹியூஸ் தன் விமானச் சண்டைப் படத்துக்காக ஒரு விமானக் கூட்டத்தையே நிறுத்திவைத்துக்கொண்டு மேகம் வரக் காத்திருந்தவர்.

முதல் மருந்து: கேமரா விமானம் ஹீரோவைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கட்டும். வயல், வேலி, தேவாலயக் கூரை பின்னால் ஓடும். அடுத்தது மேகம். உடைந்த பஞ்சு மேகம் இருக்கிற நாளைத் தேர்ந்தெடுங்கள். மூன்றாவது, ஹீரோ சும்மா நேராகப் பறக்காமல் மெதுவாக முன்னே வந்து பின்னே போகட்டும். ஒரு ஆள் நடை வேகம் வித்தியாசம் இருந்தாலே படத்துக்கு உயிர் வந்துவிடும். இதையும் தரையில் பேசி முடித்திருக்க வேண்டும்.

ஹீரோ ஃப்ரேமில் நிற்க மாட்டேன் என்கிறது

*எப்போதும் மூக்கைத் தூக்கிக்கொண்டே வருகிறது*

கேமரா விமானம் அதற்கு மெதுவானது. கேமராவில் இதற்கு எந்தப் பொத்தானும் இல்லை.

டைகர் மாத் 70 நாட் பக்கம் பறக்கும். செஸ்னா 172 அதற்குச் சரியான ஜோடி. அதே செஸ்னாவை எடுத்துக்கொண்டு ஸ்பிட்ஃபயரிடம் போனால்தான் வம்பு. செஸ்னா முழு மூச்சில் போவது 110, 115 நாட். ஸ்பிட்ஃபயர் அந்த வேகத்துக்கு இறங்கினால் மூக்கு நிமிர்ந்துவிடும். ஏற்கெனவே நீளமான மூக்கு, பைலட்டுக்கு முன்னால் பார்வை பாதி மறையும். மற்ற விமானம் மாதிரி ஃபிளாப்பை, அதாவது இறக்கையின் பின்விளிம்பில் இறங்குகிற தகட்டை, கொஞ்சமாக இறக்கியும் சமாளிக்க முடியாது. ஸ்பிட்ஃபயரில் ஃபிளாப் ஒன்று முழுக்க மேலே, இல்லையென்றால் முழுக்கக் கீழே. நடுவில் நிலை கிடையாது.

ஆகவே 140, 150 நாட் தாங்குகிற கேமரா விமானம் வேண்டும். பின்கதவைக் கழற்ற ஒப்புதல் உள்ள ஆறு இருக்கை பொனான்சா, அல்லது பின்பக்கக் கூடு திறக்கிற ஹார்வர்ட். வாடகை கூடத்தான். ஆனால் ஸ்பிட்ஃபயரின் ஒரு மணி நேரச் செலவோடு ஒப்பிட்டால் இது டீக்காசு.

இன்னொன்று, ஸ்பிட்ஃபயர் தரையில் காத்திருக்காது. சில நிமிடம் நின்றாலே அதன் குளிர்விப்பு நீர் கொதிக்கப் போய்விடும். கேமரா விமானம் முதலில் எஞ்சினைக் கிளப்பி, ஓடுபாதை முனைக்குப் போய், எல்லாச் சோதனையும் முடித்த பிறகுதான் ஸ்பிட்ஃபயர் கிளம்ப வேண்டும். "ஒரு நிமிஷம், கார்டு மாத்திக்கிறேன்" என்று நான் ஒருமுறை சொன்னதற்கு எங்கள் பைலட் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

*நேராகப் போகையில் சரி, திருப்பத்தில் பின்தங்குகிறது*

ஹீரோ வலப்பக்கம் இருக்கும்போது நீங்கள் இடப்பக்கம் திரும்புகிறீர்கள். அது வெளிவட்டத்தில் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருக்கிறது. பழைய எஞ்சினில் கையிருப்பு கிடையாது. டைகர் மாத்துக்கு மொத்தமே 130 குதிரைத் திறன்தான்.

ஹீரோ இருக்கிற பக்கமாகவே திரும்பச் சொல்லுங்கள். அது உள்வட்டத்துக்கு வரும், பின்னணியில் வானத்துக்குப் பதில் தரை வரும், படமும் அழகாகும். ஆனால் சாய்வு மென்மையாக இருக்க வேண்டும், உள்வட்டத்தில் இருப்பவர் வேகத்தைக் குறைத்தாக வேண்டும் என்பதால். எவ்வளவு சாய்வு என்பது பைலட்டுகளின் முடிவு. ஹீரோவின் பைலட் த்ராட்டிலை முழுசாகத் தள்ளியும் எட்டவில்லை என்றால் தவறு நம் பக்கம். கேமரா விமானம் ஐந்து நாட் குறைக்கட்டும்.

*ஃப்ரேமில் நம் சக்கரமும் தாங்கலும் வருகின்றன*

பின் இருக்கைக்குப் போங்கள், ஹீரோவைக் கொஞ்சம் பின்னால் வரச் சொல்லுங்கள். கடிகார முள்ளில் நாலு மணி, ஐந்து மணி இடம். செஸ்னாவின் தாங்கல் அப்போது தொல்லை தராது.

ஹீரோ ரொம்பச் சின்னதாகத் தெரிகிறது

பெரிய லென்ஸ் போடுங்கள். போதுமான பிக்சல் இருந்தால் எடிட்டில் வெட்டுங்கள். இன்னொரு நாள் இன்னொரு லென்ஸோடு போங்கள். இந்தப் பட்டியலில் "இன்னும் கிட்ட வரச் சொல்லுங்கள்" என்பது இல்லை, கவனித்திருப்பீர்கள்.

1966 ஜூன் 8 அன்று கலிஃபோர்னியா பாலைவனத்தின் மேலே ஐந்து ஜெட் விமானங்கள் ஒரு விளம்பரப் படத்துக்காக நெருங்கிப் பறந்தன. நடுவில் எக்ஸ்பி-70 வால்கிரி என்ற பிரம்மாண்டமான சோதனைக் குண்டுவீச்சு விமானம். பக்கத்தில் வந்த எஃப்-104 போர் விமானம் அதன் இறக்கை நுனியில் மோதி, மேலே புரண்டு, வால் துடுப்புகளை உடைத்தது. எஃப்-104ஐ ஓட்டிய ஜோ வாக்கர் இறந்தார், வால்கிரியின் துணை விமானி கார்ல் கிராஸும் இறந்தார். வாக்கர் எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தில் 100 கிலோமீட்டருக்கு மேலே போய்வந்தவர். சாதாரண ஆள் இல்லை.

எவ்வளவு தூரம் என்பதை இரண்டு பைலட்டுகளும் தரையில் பேசி முடிவு செய்வார்கள். ஹீரோவின் பைலட் நம் விமானத்தைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டார். நாம் பேசுவது நம் பைலட்டிடம் மட்டும், அவர் சரியென்று பட்டால் ரேடியோவில் சொல்வார். "நாக் இட் ஆஃப்" என்ற சொல் காதில் விழுந்தால் படமெடுப்பது அந்த நொடியே முடிந்தது. எந்தப் பக்கம் விலகுவது, ஒருவரையொருவர் பார்வையிலிருந்து தவறவிட்டால் யார் ஏறுவது, யார் இறங்குவது என்பதைக் கிளம்பும்முன் இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்றால் நான் ஏறுவதில்லை. கூட்டாகப் பறக்கும் பயிற்சி இருவருக்கும் இருக்க வேண்டும். நண்பர் நன்றாக ஓட்டுவார் என்பது போதாது. பணம் வாங்கிக்கொண்டு எடுக்கிற வேலை என்றால் சாதாரணத் தனியார் விமானி உரிமமும் போதாது, தொழில்முறை ஆள்தான் வேண்டும்.

ஹீரோ கரும் நிழலாகத் தெரிகிறது

வெள்ளை மேகத்தைப் பார்த்துக் கேமரா பயந்துவிட்டது. ஒரு ஸ்டாப் கூட்டி வையுங்கள். வெள்ளி நிற ஹார்வர்டுக்கு மட்டும் கூட்டாதீர்கள், அதன் இறக்கையில் வெயில் பட்டால் வெளுத்துப்போகும். கூட்டியும் முகப்பு இருட்டாகவே இருந்தால் சூரியன் ஹீரோவுக்குப் பின்னால் இருக்கிறது. பைலட்டிடம் பெரிய வட்டம் ஒன்று போடச் சொல்லுங்கள். வட்டத்தில் எந்த இடத்திலாவது வெளிச்சம் சரியாக விழும், அந்த இடத்தை நினைவில் வைத்து அடுத்த சுற்றில் காத்திருங்கள்.

பக்கவாட்டில் தடதடவென்று அடிக்கிறது

முதல்முறை கேட்கும்போது எஞ்சின் உடைகிறது என்றே நினைப்பீர்கள். நான் நினைத்தேன். வயிறு கலங்கிவிட்டது. பைலட் வேகத்தைக் குறைத்தார், சத்தமும் குறைந்தது. கூட்டினார், கூடியது. அப்புறம் அவர் என் இடுப்பைப் பார்த்தார். இருக்கை வாரின் மிச்சமான வால் கதவிடுக்கில் வெளியே மாட்டிக்கொண்டு, அதன் உலோக முனை தகட்டில் அடித்துக்கொண்டிருந்தது. இறங்கிப் பார்த்தால் பெயின்ட்டில் நகக்கீறல் மாதிரி அரைவட்டமாக ஒரு நூறு கோடுகள்.

வார்களை எண்ணி உள்ளே சொருகுங்கள், மிச்ச வாலை டேப் போடுங்கள். எல்லாம் உள்ளே இருந்தும் சத்தம் வந்தால் அது உங்கள் பிரச்சினை இல்லை. பைலட்டிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள், பொறியாளர் பார்க்கட்டும்.

இன்டர்காமில் இரைச்சல் என்றால் உங்கள் மைக்கைக் காற்று அடிக்கிறது. பஞ்சுறை போட்டு உதட்டை உரசுகிற அளவு கிட்ட வையுங்கள். நீங்கள் பேசாதபோது அதை அணைத்து வையுங்கள், பைலட்டுக்கு ரேடியோ கேட்க வேண்டும். டைகர் மாத்தில் மின்சாரமே கிடையாது, பைலட் வைத்திருப்பது கையடக்க ரேடியோதான். கேட்கவில்லை என்றால் கைச் சைகை, அதையும் முன்கூட்டியே பேசிவைத்திருக்க வேண்டும். ஹீரோவின் எஞ்சின் ஒலியை மேலே பதிவுசெய்ய முயற்சிக்காதீர்கள், நம் எஞ்சின்தான் கேட்கும். அது தரையிறங்கும்போது வேலியோரம் நின்று தனியாகப் பதிவுசெய்து எடிட்டில் சேருங்கள்.

இறங்கிப் பார்த்தால் கிளிப்பே இல்லை

முதலில் இருப்பதைப் போட்டுப் பாருங்கள். முழங்கால், தரைவிரிப்பு, பைலட்டின் பிடரி என்று நீளமாக ஓடுகிறதா? ரெக்கார்டு பொத்தானைத் தலைகீழாக அழுத்தியிருக்கிறீர்கள். ஓடும்போது நிறுத்தியும், நிறுத்தும்போது ஓடவிட்டும். கையுறையும் இரைச்சலும் இருந்தால் எவருக்கும் நடக்கும். நான் ஒவ்வொரு முறையும் சிவப்புச் சட்டத்தைப் பார்த்துவிட்டு "ஓடுது" என்று வாய்விட்டுச் சொல்வேன். எங்கள் பைலட்டுக்குத் தமிழில் தெரிந்த ஒரே சொல் அதுதான். இப்போதெல்லாம் அவரே முந்திக்கொண்டு "ஓடுதா?" என்று கேட்கிறார்.

பாதியில் நின்றிருந்தால் பேட்டரி. ஆயிரம் அடி ஏறினால் சுமார் இரண்டு டிகிரி குறையும், கதவும் திறந்திருந்தால் கேட்கவே வேண்டாம். மாற்றுப் பேட்டரியைச் சட்டைக்கு உள்ளே, உடம்புச் சூட்டில் வையுங்கள். செத்ததாகத் தெரிகிற பேட்டரியும் அக்குளில் பத்து நிமிடம் இருந்தால் சில சமயம் எழுந்து வரும்.

இரண்டும் இல்லை, கார்டே படிக்கவில்லை என்றால், கேமரா "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். அதில் புதிதாக ஒரு ஃப்ரேம்கூட எடுக்காதீர்கள். வேறு கார்டு ரீடரில் போட்டுப் பாருங்கள், தெரியவில்லை என்றால் மீட்பு மென்பொருளை ஒரே ஒரு முறை ஓட்டுங்கள். அதற்கும் அசையாவிட்டால் கார்டைக் கழற்றி, ஒரு காகித உறையில் போட்டு, மேலே தேதியும் விமானத்தின் பெயரும் எழுதி, தரவு மீட்பதையே தொழிலாகச் செய்கிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.